ஸஹனும் தபாஸும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸ்ருத் தொழுகை முடிந்த நேரம். பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் முதுநகரில் உள்ள நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகன் சிறுவயதில் நம்மிடம் சில காலம் அரபு பயின்றவர். இப்போது சிங்கப்பூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். பெரியவர் ஸலாம் உரைத்து அமர்ந்ததும் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "ஹஜ்ரத், இது என்ன விருந்துன்னு பார்த்துச் சொல்லுங்க. சொந்தக்காரங்க ரெண்டு பேர் ஒரு மாதிரியா கேட்டுட்டாங்க" என்றார்.

அது ஒரு நிழற்படம். நீண்ட மேசையைச் சுற்றிப் பதினோரு இளைஞர்களும் இளம்பெண்களும் இருந்தனர். நடுவே மெழுகுவத்தி ஏற்றிய கேக். அதைச் சுற்றிலும் உள்ளங்கை அகலமே உள்ள மண் கிண்ணங்களும் தட்டுகளுமாகப் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன. எவர் முன்னாலும் ஒரு முழுச் சாப்பாடு இல்லை. கோப்பைகள் பல, அவற்றுள் சிவப்பு நிறப் பானம். மேசையின் ஒரு மூலையில் நம் மாணவர் அமர்ந்திருந்தார். குடும்பத்தார் பார்க்கும் குழுவில் அவரே அனுப்பிய படம்தான் அது. உடன் பணிபுரியும் பெண்ணொருத்தியின் பிறந்தநாள் என்றும், ஸ்பெயின் நாட்டு உணவகம் என்றும், உண்டது 'தபாஸ்' என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்தான் ஐயத்தைக் கிளப்பியது போலும்.

நமக்கும் அச்சொல் புதிது. ஆனால் ஸ்பெயின் என்றதும் அரபுக் கல்லூரியில் காலம் கழித்தவருக்கு எழும் எண்ணம் வேறு. அல்ஃபிய்யா இயற்றிய இப்னு மாலிக் (ரஹ்) ஜய்யான் நகரத்தவர். தஃப்ஸீர் ஆசிரியர் இமாம் குர்துபீ (ரஹ்) பெயரிலேயே ஊரைச் சுமப்பவர். மகாமாத்துல் ஹரீரிக்கு விரிவுரை கண்ட ஷரீஷீ (ரஹ்) பிறந்த ஷரீஷ்தான் இன்றைய ஹெரெஸ். நம் பாடநூல்களில் கணிசமானவை அந்த மண்ணின் மக்கள் எழுதியவை. ஆகவே அன்றிரவே மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். படத்தை முன்னே வைத்துக்கொண்டு, "இந்தத் தட்டில் என்ன, அந்தக் கிண்ணத்தில் என்ன" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். தந்தையார் அருகிலேயே இருந்தார். மாணவர் சொன்னதும் பின்னர் நூல்களில் நாம் தேடிக் கண்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

'தபா' என்ற ஸ்பானியச் சொல்லின் பொருள் மூடி. மூடுதல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது, பன்மையில் 'தபாஸ்'. மதுக் கோப்பையில் ஈ விழாதிருக்க ஒரு ரொட்டித் துண்டை அதன்மேல் வைத்தனர் என்றும், அதுவே பின்னர் தின்பண்டம் ஆயிற்று என்றும் சொல்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டு மன்னர் அல்ஃபோன்ஸோவின் ஆணையால் பிறந்தது என்பது இன்னொரு கதை. இவை வாய்வழிக் கதைகளே அன்றி உறுதியான சான்றுடையவை அல்ல. உறுதியாகச் சொல்லத்தக்கது, இது மதுக்கடையில் குடிப்பவருக்குத் துணையாகத் தரப்பட்ட சிற்றுணவு என்பதே. கிரனடாவிலும் ஜய்யானிலும் ஒரு பானம் கேட்டால் ஒரு சிறு தட்டு உணவு விலையின்றி உடன் வரும் வழக்கம் இன்றும் உண்டு. பிறநாடுகளில் இது தனி உணவகமாகவே வளர்ந்துவிட்டது. கூட்டமாகச் செல்வோர் பத்துப் பதினைந்து சிறு தட்டுகளை வரவழைத்து நடுவில் வைத்து எல்லாரும் எடுத்து உண்பர். மதுவோடு பிறந்த வழக்கம் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அதைப் பற்றிப் பின்னர் வருவோம்.

நடுவில் வைத்துப் பலரும் உண்பது என்றதும் பெரியவர் முகம் சற்றுத் தெளிந்தது. "நம்ம ஸஹன் மாதிரியா?" என்றார். ஏறத்தாழ அதுவே. தட்டு என்னும் பொருளுடைய 'ஸஹ்ன்' என்ற அரபுச் சொல் நம் கரையோர ஊர்களில் விருந்தின் பெயராகவே ஆகிவிட்டது. காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டில் ஸஹன் ஒன்றுக்கு இருவரோ மூவரோ அமர்ந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் உண்பர். கடலுக்கு அப்பால் இலங்கை முஸ்லிம்களின் திருமண வீடுகளில் ஒரு ஸஹனுக்கு அறுவர் என்பது வழக்கு. நாம் ஓதிய காலத்தில் விருந்து நாள்களில் ஒரு தட்டைச் சுற்றி நால்வர் அமர்வோம். வேகமாக உண்பவன் பக்கத்தில் அமர யாருக்கும் விருப்பமிராது. ஸஹன் என்பது ஒரே தட்டு, பல கைகள். தபாஸ் என்பது பல தட்டுகள், பல கைகள். வேறுபாடு அவ்வளவே.

ஸ்பெயினிலேயே ஸஹனுக்கு இன்னும் நெருங்கிய ஒன்று உண்டு. வலென்சியா வட்டாரத்தில் 'பாஎல்யா' என்னும் சோற்றை அகன்ற இரும்புத் தட்டத்தில் சமைப்பர். வயல்வெளிகளில் அதைத் தட்டுகளில் பரிமாறாமல், எல்லாரும் தட்டத்தைச் சுற்றி அமர்ந்து, மரக்கரண்டியால் அவரவர் முன்னுள்ள பகுதியை மட்டும் உண்பது பழைய மரபு. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் சிறுவர் உமருக்கு, உனக்கு அருகில் உள்ளதிலிருந்து உண் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கு இங்கு நினைவுக்கு வரும். ஆனால் பாஎல்யா என்ற சொல்லே எஞ்சியது எனப் பொருள்படும் 'பகிய்யா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம்மவருள் சிலர் பெருமையோடு எழுதுவது தவறு. அது தட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உண்மையான கடன்களே போதுமான அளவு இருக்க, இல்லாததைச் சேர்ப்பது எதற்கு?

அந்தக் கடன்கள் மாணவரின் மேசைமேலேயே இருந்தன. ஒரு கிண்ணத்தில் ஒலிவக் காய்கள். ஸ்பானியர் அவற்றை 'அஸெய்துனா' என்பர். 'அஸ்ஸைத்தூனா' என்று உரக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். எண்ணெய்க்கு 'அஸெய்த்தே', அதாவது 'அஸ்ஸைத்'. இன்று உலகிலேயே மிக அதிகமாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் மாகாணம் ஹயேன் எனப்படுகிறது. அதுவே நம் இப்னு மாலிக்கின் ஜய்யான். அல்ஃபிய்யாவின் ஆயிரம் அடிகளை நெட்டுருச் செய்து களைத்த மாணவர்க்கு அவ்வூரின் எண்ணெய்ச் செழிப்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை.

அடுத்த தட்டில் பொரித்த கத்தரிக்காய், மேலே தேன்பாகு. கத்தரிக்காயின் ஸ்பானியப் பெயரான 'பெரென்ஹேனா' அரபு 'பாதிஞ்சான்' என்பதன் திரிபு. இந்தியாவில் விளைந்த காய் பாரசீகம் வழியே அரபியர் கைக்குப் போய், அவர்களோடு குர்துபா சேர்ந்து, இப்போது சிங்கப்பூரில் நம் பிள்ளையின் தட்டில் வந்து இறங்கியிருக்கிறது. 'அல்போந்திகாஸ்' என்ற கறி உருண்டைகள் 'அல்புந்துகா' என்ற சொல்லிலிருந்து வந்தவை. புந்துக் என்பது உருண்டையான ஒரு கொட்டை. அல்முவஹ்ஹிதூன் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும், ஆசிரியர் பெயர் அறியப்படாத அந்தலூஸியச் சமையல் நூல் ஒன்றிலேயே 'பனாதிக்' எனும் இறைச்சி உருண்டைகள் வருகின்றன. காடியில் ஊறிய மீனுக்கு 'எஸ்கபேச்சே' என்று பெயர். அப்பாஸியர் காலத்து பக்தாதின் புகழ்பெற்ற 'ஸிக்பாஜ்' என்ற புளிப்புக் கறியின் பெயரே அது. குங்குமப்பூ 'அஸஃப்ரான்', அரிசி 'அர்ரோஸ்', சர்க்கரை 'அஸூகர்'. உருளைக்கிழங்கு மட்டும் இந்த வரிசையில் சேராது. அது அமெரிக்காவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. கடன் ஒருவழியில் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு நாமே சான்று. உணவை வைக்கும் 'மேசை' என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவர்கள், ஸ்பெயினுக்கு அண்டை நாட்டவரும் பரங்கிப்பேட்டைக்குப் 'புதிய துறைமுகம்' எனப் பெயர் சூட்டியவருமான போர்த்துக்கீசியரே. அதற்கு முன் நமக்கு இருந்தது தரையில் விரிக்கும் சுப்ரா.

உணவைப் பரிமாறும் முறையைப் பற்றியும் மேற்கண்ட சமையல் நூலாசிரியர் ஒரு கருத்துச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒருங்கே குவித்து வைப்பதைவிட ஒவ்வொரு வகையாகக் கொண்டுவந்து வைப்பதே அழகும் நாகரிகமும் ஆகும் என்பது அவர் எண்ணம். 822ஆம் ஆண்டில் குர்துபா வந்த பாடகர் ஸிர்யாப் இதனைப் புகுத்தினார் என்று பரவலாகக் கூறுவர். ஸிர்யாபைப் பற்றி விரித்துரைக்கும் மக்கரீ (ரஹ்) 1632இல் மறைந்தவர். எட்டு நூற்றாண்டுகள் பிந்தியவர். முந்தைய நூல்களை அவர் ஆதாரமாகக் கொண்டார் என்றாலும், மேசை நாகரிகம் அனைத்தையும் ஒரு மனிதர் தலையில் சுமத்துவதை நாம் அப்படியே ஏற்பதில்லை.

பகிர்ந்துண்ணும் மேசையில் சச்சரவு எழுவது எங்கே? தட்டில் ஆறு உருண்டைகள், சுற்றி ஏழுபேர் என்ற நிலையில்தான். மாணவர் சிரித்துக்கொண்டே இதைக் குறிப்பிட்டார். எல்லாத் தட்டிலும் கடைசி ஒன்று யாரும் தொடாமல் கிடக்குமாம். இதற்கான சட்டம் நம்மிடம் பதினான்கு நூற்றாண்டுகளாக உண்டு. பலரும் சேர்ந்து பேரீச்சம்பழம் உண்ணும்போது, தோழர்களின் அனுமதி பெறாமல் இரண்டிரண்டாகச் சேர்த்து எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் புகாரீ (ரஹ்) இதனை உணவு பற்றிய அத்தியாயத்தில் மட்டுமன்றி, கூட்டு வாணிகம் பற்றிய 'கிதாபுஷ் ஷரிகா'விலும் வைத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. தட்டைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒருவகையில் பங்காளிகள். கூடுதலாக ஒன்றை எடுப்பது பிறர் பங்கில் கைவைப்பது. மறுபுறம், நபி (ஸல்) அவர்கள் தட்டின் பல பக்கங்களிலும் சுரைக்காயைத் தேடி உண்டதை அனஸ் (ரலி) கண்டிருக்கிறார்கள். தட்டில் பலவகை உணவுகள் இருந்து, உடன் உண்போர் அதை வெறுக்கவில்லையெனில் கை நீட்டுவதில் குறையில்லை என்று அறிஞர்கள் இரண்டையும் இணைத்து விளக்குவர். பதினைந்து தட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இராது.

இனி மதுவும் பன்றியும். இதில் நயமாகப் பேச இடமில்லை. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உள்ளது. தாம் அருந்தாவிட்டாலும் அத்தகைய அமர்வைத் தவிர்ப்பதே பேணுதல் என மாணவரிடம் தெளிவாகச் சொன்னோம். மதிய உணவு, அல்லது மது இல்லாத வேறிடம் என்று முன்கூட்டியே கேட்பது அவரால் முடியும். தபாஸ் வகைகளில் உலர்த்திய பன்றித் தொடை, மிளகாய்த்தூள் சேர்த்த பன்றிக் குழல் ஆகியவை வெளிப்படை. மாவுக்குழம்பில் உருட்டிப் பொரித்த 'குரோகெத்தா'வில் பன்றித் துணுக்கு பெரும்பாலும் மறைந்திருக்கும். கறி உருண்டைகளிலும் கலப்பதுண்டு. பூண்டு இறாலில் சிலர் ஒரு துளி மது சேர்ப்பர். பாலாடைக்கட்டி உறையவைக்கப் பயன்படுவது எந்த விலங்கினுடையது என்பதும் கேட்க வேண்டியதே. ஹெரெஸ் ஊரின் பெயர்பெற்ற காடி, மதுவிலிருந்து ஆவது. தானாகப் புளித்துக் காடியானால் அது தூயது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஏதேனும் பொருள் சேர்த்து மாற்றப்பட்டால் ஹனஃபீ மத்ஹபில் ஆகும், ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. ஆக்டோபஸ், கணவாய் ஆகியவற்றில் நிலைமை நேர்மாறு; ஷாஃபிஈகளுக்குத் தடையில்லை, ஹனஃபீகள் மீன் அல்லாதவற்றை ஏற்பதில்லை. நம் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய் வாங்கும் கூட்டத்தைப் பார்த்தே யார் எந்த மத்ஹப் என்று சொல்லிவிடலாம் என நண்பரொருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

பிறந்தநாளைப் பொறுத்தவரை, அது அந்நியர் வழக்கு என்று தடுப்போரும், வணக்கமல்லாத நடைமுறை என்று விடுவோரும் ஆலிம்களில் உண்டு. சகபணியாளர் ஒருவரை வாழ்த்துவதை ஈமானின் பிரச்சினையாக ஆக்க நாம் விரும்பவில்லை. நம் தலைமுறையில் பாதிப்பேர் பள்ளிச் சான்றிதழின்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். கொண்டாட உண்மையான நாள் தெரிந்தால்தானே!

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "இதெல்லாம் சரி ஹஜ்ரத், ஜனங்க கேக்கறாங்களே" என்றார். இதற்கு விடை அந்த மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1492 ஜனவரி 2இல் கிரனடா வீழ்ந்தது. மார்க்கமும் வழக்கமும் காக்கப்படும் என்று எழுதிக்கொடுத்த உடன்படிக்கை பத்தாண்டு நிற்கவில்லை. 1502இல் கஸ்தீலிய அரசின் முஸ்லிம்கள் மதம் மாறு அல்லது வெளியேறு என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர். மாற்றப்பட்டோரை 'மோரிஸ்கோ' என்றனர். அதன்பின் மத விசாரணை மன்றத்தின் கண் சென்ற இடம் அடுப்பங்கரை. பன்றிக் கொழுப்புக்குப் பதில் ஒலிவ எண்ணெயில் பொரித்தால் ஐயம். மதுவை மறுத்தால் ஐயம். தரையில் அமர்ந்து உண்டாலும், குஸ்குஸ் சமைத்தாலும் ஐயம். பக்கத்து வீட்டாரே சாட்சிகள். பன்றித் தொடை அங்கே உணவு என்பதோடு ஒரு சோதனையாகவும் ஆயிற்று. 1615இல் வெளிவந்த தொன் கிஹோத்தே இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்டு யாத்திரிகர் வேடத்தில் திரும்பிவரும் ரிகோத்தே என்ற மோரிஸ்கோ தன் பழைய அயலானோடு புல்தரையையே விரிப்பாக்கி உண்ணும் காட்சி உண்டு. அவ்விரிப்பில் ஒலிவக் காய்களோடு பன்றி எலும்புகளும் கிடக்கின்றன. அவை ஏன் அங்கே கிடக்கின்றன என்று அன்றைய வாசகருக்கு விளக்க வேண்டியிருந்திராது.

இந்த நெருக்கடியில் 1504இல் வஹ்ரானீ என்ற முஃப்தி அம்மக்களுக்கு ஒரு ஃபத்வா எழுதினார். மதுவையோ பன்றியையோ உண்ணக் கட்டாயப்படுத்தினால் உள்ளத்தால் வெறுத்துக்கொண்டு உண்ணுங்கள், ஈமான் போகாது என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அதை மோரிஸ்கோக்கள் அரபு எழுத்தில் எழுதிய ஸ்பானிய மொழியிலும் பெயர்த்து வைத்துக்கொண்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். எண்ணெயும் கத்தரிக்காயும் அவற்றின் பெயர்களும் அங்கேயே தங்கிவிட்டன.

தட்டைப் பார்த்து மனிதனை அளக்கும் வழக்கத்தின் எல்லை இது. அன்று பன்றியை உண்ணாதவனைப் பிடிக்க அயலார் எட்டிப் பார்த்தனர். இன்று உண்டிருப்பானோ என்று நம் உறவினர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கின்றனர். நோக்கம் வேறு, எட்டிப் பார்ப்பது ஒன்றே. துருவித் துருவி ஆராயாதீர் என்பது குர்ஆனின் கட்டளை அன்றோ! மகனின் முன்னிருந்த கோப்பையில் என்ன என்று நாம் கேட்கவில்லை. தந்தையார் கேட்க வாயெடுத்தபோது கையமர்த்தினோம்.

அப்போதுதான் மாணவர் தாமாகவே ஒன்றைச் சொன்னார். "ஹஜ்ரத், படத்துல என் பக்கம் இருக்கிற தட்டுகளைப் பாருங்க." பார்த்தோம். ஒலிவம், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு முட்டை அடை, கொண்டைக்கடலையும் கீரையும், காடி மீன். பன்றி சேர்ந்த தட்டுகள் அனைத்தும் மேசையின் மறுகோடியில் ஒதுங்கியிருந்தன. பிறந்தநாள் கொண்டாடிய பெண், அவர் வரும் முன்பே பரிமாறுபவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, தனி எண்ணெயில் பொரிக்கச் சொல்லி, தட்டுகளைத் தன் கையாலேயே பிரித்து வைத்திருந்தாராம்.

மாணவருக்கு ஓர் ஐயம் மட்டும் இருந்தது. இரவு முடிவில் மொத்தத் தொகையைப் பதினொன்றாக வகுத்துக் கட்டியிருக்கின்றனர். அவர் உண்டது குறைவு. அது அவருக்குப் பொருட்டல்ல. அதற்கு விடை எளிது. பயணத்தில் உணவுகளை ஒன்றுசேர்த்து, ஒருவர் கூட ஒருவர் குறைய உண்பதை 'நஹ்த்' என்பர். அதில் முஸ்லிம்கள் குறை கண்டதில்லை என்று புகாரீ (ரஹ்) ஷரிகா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார்கள். உணவு அருகும்போது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தியும் அங்கேயே உள்ளது. ஆனால் அந்தத் தொகைக்குள் மதுவின் விலையும் இருந்ததே என்பதுதான் மாணவரை உறுத்தியது. மதுவின் விலையில் பங்கு ஏற்பதை நஹ்த் என்ற பெயரால் ஆகுமாக்க இயலாது. அடுத்த முறை பானங்களுக்குத் தனிக் கணக்கு எழுதச் சொல்லுமாறு கூறினோம். சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கினார். தட்டுகளைப் பிரித்து வைத்தவர் கணக்கைப் பிரிக்க மாட்டாரா என்று கேட்டோம். குழுவில் அடுத்த பிறந்தநாள் ஷவ்வாலில் வருகிறதாம். அதற்குள் பேசிவிடுவதாகச் சொன்னார்.

பெரியவர் விடைபெற்று வாசல்வரை சென்றவர் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைப்பேசியை விளக்கொளியில் பிடித்து, மகன் பக்கத்துத் தட்டுகளை விரலால் எண்ணினார்.

"அஞ்சு, ஹஜ்ரத்" என்றார்.